மாராத்தாக்காவின் வெயிட்டிங் ரூம்

போன மாதம் தம்பி குடும்பம் ஊரிலிருந்து வந்தது. அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனேன். திருப்பூர் பெரிய ஸ்டேஷனுக்கு இல்லை, அதை ஒட்டி எங்கள் பக்கம் இருக்கிற சின்ன ஸ்டேஷனுக்கு. சின்ன ஸ்டேஷன் என்று இன்னும் சொல்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அதற்கு இப்போது ‘ஹப்’ என்று பெயர். ஒரு பக்கம் ரயிலிலிருந்து இறங்கி, கூரையை விட்டு வெளியே வராமலே மறுபக்கம் பஸ் ஏறிக்கொள்ளலாம். நகரும் படிக்கட்டு இருக்கிறது. ஆளுயரக் கண்ணாடிகள் இருக்கின்றன. பாப்கார்ன் கிடைக்கிறது. உட்காரத்தான் இடமில்லை.

ரயில் தாமதம் என்று பெண் குரல் ஒன்று மூன்று மொழிகளிலும் வருத்தம் தெரிவித்துக்கொண்டே இருந்தது. பனியன் தைக்கிற ஓவர்லாக் மிஷினின் பெடலை வருஷக்கணக்காக மிதித்த கால் என்னுடையது. நின்றால் முழங்கால் திட்ட ஆரம்பித்துவிடும். செடி வைத்த சிமெண்ட் தொட்டி ஒன்றின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தேன். சீருடை போட்ட காவலாளி ஒருவன் வந்தான். சின்னப் பையன். “இங்க உக்காரக் கூடாதுங்கக்கா” என்றான். எங்கே உட்காரலாம் என்று கேட்டேன். மேலே லவுஞ்ச் இருக்கிறது, மணிக்கணக்கில் வாடகை என்றான். நான் எழுந்துவிட்டேன். அவன்மேல் எனக்கு ஒன்றும் கோபமில்லை. அவனும் காலையிலிருந்து நின்றுகொண்டுதான் இருந்தான். அவனுக்கும் ஒரு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை.

கோபமெல்லாம் அந்தக் கட்டடத்தின்மேல். வயதானால் கோபம் தணிந்துவிடும் என்று சொன்னார்கள். எனக்கு அது சர்க்கரை மாதிரி ஏறிக்கொண்டேதான் போகிறது, மாத்திரையும் இல்லை.

அப்போதுதான் தரை துடைக்கும் வண்டி ஒன்று என்னைக் கடந்துபோனது. பின்னாலேயே பினாயில் வாசனை. அந்த மினுமினுக்கும் தரையில் எனக்குத் தெரிந்த ஒரே பொருள் அந்த வாசனைதான். உங்களுக்குப் பினாயில் என்றால் ஆஸ்பத்திரி ஞாபகம் வரலாம். எனக்கு மாராத்தாக்கா ஞாபகம்தான் வரும்.

பழைய ஸ்டேஷனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் கட்டடம். சீமை ஓடு. வளைந்த வாசல்கள். பஞ்சு மூட்டை ஏற்றி அனுப்புவதற்காகக் கட்டினதாகச் சொல்வார்கள். மனிதர்கள் அங்கே மூட்டைகளுக்குப் பிறகு வந்தவர்கள்தான். ஆனால் அந்த வெள்ளைக்காரனுக்கும்கூட, தனியாக வருகிற பெண் எங்கே உட்காருவாள் என்ற யோசனை இருந்திருக்கிறது. பிளாட்பாரத்தின் கோடியில் ஓர் அறை. கதவுக்கு மேலே ‘பெண்கள் தங்கும் அறை’ என்று பீங்கான் தகடு. உள்ளே சுவர் நீளத்துக்கு ஒரு தேக்கு பெஞ்சு, ஓரம் கறுத்துப்போன நிலைக்கண்ணாடி, மூலையில் மூடி போட்ட தண்ணீர்ப் பானை. கதவுக்கு உள்பக்கம் முழங்கை நீளத்தில் ஓர் இரும்புத் தாழ்ப்பாள்.

அந்த அறையைக் கூட்டிக் கழுவிப் பார்த்துக்கொள்ளும் வேலை மாராத்தாக்காவுக்கு. ரயில்வே வேலை இல்லை. காண்டிராக்டர் வைத்த ஆள். நான் முதலில் பார்த்தபோது அவருக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒல்லி. முடியை இறுக்கி முடிந்து, சேலையைத் தூக்கிச் செருகி, பினாயில் புட்டியைக் கக்கத்தில் வைத்திருப்பார். சிரித்து நான் பார்த்தது குறைவு. எல்லோரையும் திட்டுவார். ஆனால் கொங்கு நாட்டில் திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதோ என்னவோ, அவர் திட்டுவது எங்கள் திருநெல்வேலிச் சீமைக் காதுக்கு உபசாரம் மாதிரியே இருக்கும். “அம்மிணி, காலைத் தூக்குங்க. தூக்க மாட்டீங்களாங்க? அப்பக் காலையுஞ் சேத்துக் கழுவிப்போடறனுங்க.” எங்கள் ஊரில் அன்பாகக் கூப்பிட்டாலே பக்கத்துத் தெரு சண்டையென்று எட்டிப் பார்க்கும்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு டீக்கடை. அங்கே மாராத்தாக்காவின் டம்ளர் மட்டும் ஜன்னல் கம்பியில் தனியாகத் தொங்கும். ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை என்று சொன்னால் அது பொய். எங்கள் ஊரிலும் டம்ளர்கள் தனியாகத் தொங்கியிருக்கின்றன. அக்கா தன் டம்ளரைத் தானே எடுத்து, குடித்து, கழுவி, மாட்டிவிட்டு வருவார். திரும்பி அந்த அறைக்குள் நுழைந்ததும் ஆளே மாறிவிடுவார். யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று அவர்தான் சொல்வார். தன்னை வாசலோடு நிறுத்துகிற வீடுகள் நிறைந்த ஊரில், அந்த ஒரு வாசல் அவருடையது.

நான் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தது இரண்டாயிரம் பிறந்த புதிது. சாத்தான்குளம் பக்கம் எங்கள் ஊர். மழையும் இல்லை, வேலையும் இல்லை. பெரியம்மா மகன் ஏற்கெனவே இங்கே கட்டிங் மாஸ்டரிடம் இருந்தார். ‘அனுப்பி வையுங்கள், ஸ்டேஷனில் நிற்கிறேன்’ என்று தகவல் சொல்லியிருந்தார். அம்மா ஒரு பை நிறையத் துணியும் ஒரு பொட்டலம் கருவாடும் கட்டிக்கொடுத்து, ஜெபம் பண்ணி ரயிலேற்றிவிட்டாள். அந்தக் கருவாட்டால் பெட்டியில் என் பக்கத்தில் யாரும் நெருங்கவில்லை. அதை என் ஒழுக்கத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டு மதுரை தாண்டும்வரை விறைப்பாக உட்கார்ந்திருந்தேன்.

எதிர் சீட்டில் எஸ்தர் ஏறியிருந்தாள். நாசரேத் பக்கம். என் வயதுதான். அவளுக்கு மட்டும் கருவாடு வாசனை ஒரு பொருட்டே இல்லை. அவள் வீட்டிலும் அதுதான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முறுக்கைப் பாதியாக உடைத்துத் தின்றோம். அவளுக்கு இங்கே சொந்தக்காரர் யாரும் இல்லை. ஊருக்கு வந்த ஒருவர், ஸ்டேஷனில் கம்பெனி ஆள் வந்து கூட்டிப்போவார் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நீ என்ன கம்பெனி என்று கேட்டேன். நல்ல கம்பெனி என்றாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். எனக்கும் என் கம்பெனியைப் பற்றி அதற்குமேல் தெரியாது.

பாசஞ்சர் வந்து நின்றபோது வெயில் சாய்ந்திருந்தது. எஸ்தரைக் கூட்டிப்போக வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தயாராக நின்றார். அவளுடைய ஒயர் கூடையைக்கூட வாங்கிக்கொண்டார். என்னைத் தேடி யாரும் வரவில்லை. பொறாமையாக இருந்தது. பிளாட்பாரம் காலியானதும் பயம் வந்தது. பீங்கான் தகட்டைப் பார்த்து அந்த அறைக்குள் போய், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அக்கா என்னைப் பார்த்தார். கருவாட்டுப் பையைப் பார்த்தார். ஜன்னலைத் திறந்துவைத்தார்.

கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் வாசலுக்கு வந்தார். உன் சிநேகிதி வேனில் உட்கார்ந்திருக்கிறாள், உன்னையும் கூட்டிவரச் சொன்னாள், இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை என்றார். எனக்குக் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. பையைத் தூக்கிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் அக்கா நிற்கிறார், கையில் துடைப்பத்தோடு.

“நீங்க யாருங்க இந்தப் புள்ளைக்கு?” என்று அவரைக் கேட்டார்.

கம்பெனி ஆள் என்றார் அவர். எந்தக் கம்பெனி, பெயரைச் சொல்லுங்கள், ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் போன் இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன் என்றார் அக்கா. அந்த ஆளுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவை மேலும் கீழும் பார்த்தார். நெற்றியில் எழுதி ஒட்டியிருப்பதைப் படிக்கிற மாதிரி ஒரு பார்வை.

“நீ கூட்டற வேலையப் பாரு” என்றார்.

“அதத்தானுங்க பாக்கறன்” என்றார் அக்கா. “கூட்டற எடத்துல குப்பை வந்து நின்னா என்னங்க செய்யறது?”

அவர் ஓர் அடி முன்னால் வைத்தார். அக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். அந்த இரும்பு பள்ளத்தில் விழுந்த சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கும். வெளியே அந்த ஆள் கதவைத் தட்டினார், கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு போய்விட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நன்றி சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை போட்டேன். என் வேலை போய்விட்டது, உங்களால்தான் போய்விட்டது, எனக்கென்று வந்த வண்டியை விரட்டிவிட்டீர்கள் என்று மூக்கைச் சிந்திக்கொண்டு கத்தினேன். அக்கா முழுதும் கேட்டார். “அழுது முடிச்சுப்போட்டு மூஞ்சியக் கழுவிக்க கண்ணு. தண்ணி அங்க இருக்குது” என்றார். அப்புறம் ஏதோ உறைத்த மாதிரி, வேனில் இன்னொரு பிள்ளை இருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். வேன் போய்விட்டிருந்தது.

இரவு அந்த பெஞ்சிலேயே கிடந்தேன். காலையில் பெரியம்மா மகன் அண்ணன் வந்தார். ஷிப்மெண்ட் அவசரம் என்று கம்பெனியில் கேட்டைப் பூட்டி வேலை வாங்கியிருக்கிறார்கள்; வெளியே வர விடவில்லை. அக்கா அவரையும் லேசில் உள்ளே விடவில்லை. அவரிடம் தனியாக என் அப்பா பெயரைக் கேட்டார், என்னிடம் தனியாக அவர் அப்பா பெயரைக் கேட்டார், இரண்டும் சரியாக இருந்த பிறகுதான் வழிவிட்டார். பொம்பளைப் பிள்ளையை வரச் சொல்லிவிட்டு இப்படிச் செய்யலாமா என்று ‘ங்க’ போட்டே அவரைத் தோலை உரித்தார். அண்ணன் தூங்காத கண்ணோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வெளியே வந்ததும், “ஏ பிள்ள, இது யாரு, உங்க டீச்சரா?” என்று என்னைக் கேட்டார்.

நான் பிசிர் வெட்டுகிற வேலையில் சேர்ந்து, செக்கிங் போய், ஓவர்லாக் பழகினேன். ஒன்றரை ஷிப்ட் என்றால் என்ன என்று திருப்பூர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு நாளை ஒன்றரை நாளாக ஆக்குகிற வித்தை அது. ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் எங்களைப் போன்ற தெற்கத்திப் பெண்கள் அந்த அறைக்குப் போவோம். யாரையும் அழைத்துவர வேண்டாம், எங்கும் போகவும் வேண்டாம். ஊர் பாசஞ்சர் வரும், அதிலிருந்து ஊர்ப் பேச்சு இறங்கும், அதைக் கேட்டால் போதும். கைக்குழந்தைக்காரிகள் அங்கே உட்கார்ந்து பால் கொடுப்பார்கள். வேலம்பாளையத்து லைன் வீடுகளில் கண்ணாடி இல்லாதவர்கள் அந்தக் கறுத்த கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்வார்கள். அக்கா சுற்றிச் சுற்றிக் கழுவிக்கொண்டே, இதென்ன சத்திரமா என்று திட்டுவார். ஒருநாளும் யாரையும் எழுப்பி அனுப்பியதில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெஞ்சின் அந்தக் கோடியில் ஒருத்தி இருமிக்கொண்டிருந்தாள். இருமல் நின்றால் பேசுவாள், பேச ஆரம்பித்தால் இருமல் வரும். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நீ முறுக்கு உடச்சித் தந்த பிள்ளதான?” என்றாள். எஸ்தர். எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ரயிலில் பார்த்த முகத்தில் பாதிதான் மீதி இருந்தது.

அவள் போனது பனியன் கம்பெனிக்கு இல்லை. எங்கேயோ காட்டுக்குள் இருந்த ஒரு நூல் மில். உள்ளேயே ஹாஸ்டல். மூன்று வருஷம் கேட்டுக்கு வெளியே கால் வைக்கவில்லை. வீட்டிலிருந்து ஆள் வந்தால் பக்கத்தில் ஒருத்தி நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். பஞ்சு மூக்கிலும் வாயிலும் போய்ப் போய், இருமலில் ரத்தம் வந்த பிறகு, நீ போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள். வேனில் ஏறின அன்றைக்கு என்னைக் கூட்டிவரச் சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். நான் அங்கே உட்கார்ந்திருந்ததே அவளுக்குத் தெரியாது.

அக்கா பாதித் தரையைத் துடைத்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். துணியை வாளியில் போட்டுவிட்டு வந்தார். “அன்னிக்கு வேன்ல போன புள்ளை நீதானா கண்ணு?” என்றார். எஸ்தர் ஆமாம் என்று தலையாட்டினாள். அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அத்தனை வருஷம் துடைத்த அந்த பெஞ்சில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். “ஒண்ணத்தான் புடிக்க முடிஞ்சுது” என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை.

அதற்குப் பிறகு அவர் அறைக்குள் இருப்பதில்லை. பாசஞ்சர் வந்தால் துடைப்பத்தோடு பிளாட்பாரத்தில் நிற்பார். தனியாக இறங்குகிற ஒவ்வொரு பெண்ணையும் மறித்து, யார் வருகிறார்கள், என்ன பெயர் என்று கேட்பார். நாங்களும் முடிந்த ஞாயிறுகளில் கூட நின்றோம். எஸ்தரும் எங்கள் கம்பெனியிலேயே சேர்ந்திருந்தாள். கூட்டிப்போக வந்த ஆட்களில் சிலர் எங்களைப் பார்த்ததும் திரும்பிப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேலே புகார் போனது. பயணிகளுக்குத் தொந்தரவு கொடுக்கிறாள் என்று காண்டிராக்டர் அக்காவைக் கூப்பிட்டுக் கண்டித்தார். சரிங்க சாமி என்று சொல்லிவிட்டு வந்து, அடுத்த ரயிலுக்கு அதே இடத்தில் நின்றார். ஒருநாள் உதடு கிழிந்து வீங்கியிருந்தது. யார் என்று சொல்லவில்லை. அன்றைக்கும் தரை ஈரமாகத்தான் இருந்தது.

நான் திருப்பூர் வந்து பத்து வருஷம் ஆகப்போகிற சமயத்தில் பிளாட்பாரத்தில் பெரிய படம் ஒன்றை நட்டார்கள். ரயிலும் பஸ்ஸும் ஒரே இடத்தில் வரப்போகிறதாம். படத்தில் கண்ணாடிக் கட்டடம், நீல வானம், சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிற வெள்ளை வெள்ளையான மனிதர்கள். பனியன் தூசி படிந்த தலை ஒன்றுகூட அதில் இல்லை. ஆனாலும் எங்களுக்கு ஆசையாகத்தான் இருந்தது. மழையில் நனையாமல் பஸ் ஏறலாமே. படத்தில் ஒரு மூலையைக் காட்டி, இங்கே ‘மகளிர் ஓய்வுக் கூடம்’ என்று போட்டிருக்கிறது என்று எஸ்தர் படித்துக் காட்டினாள். அக்கா, அதில் தாழ்ப்பாள் இருக்கிறதா பார் என்றார்.

இடிக்க வந்தது ஒரு வேலைநாள் காலையில். பெண்கள் எல்லாம் கம்பெனிகளுக்குள் இருக்கிற நேரமாகப் பார்த்து வந்தார்கள் என்பேன். இல்லை, தற்செயல் என்பார்கள். அக்கா உள்ளே போய்க் கதவைப் போட்டுக்கொண்டார். டீக்கடைக்காரர் ஓடிவந்து எங்கள் கேட்டில் தகவல் சொன்னார், டம்ளரைத் தனியாக மாட்டிவைத்தாரே, அவரேதான். மனுஷனை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எஸ்தர் மிஷினை நிறுத்தினாள். நான் நிறுத்தினேன். வரிசையாக நின்றது சத்தம். போனால் திரும்பி வரவேண்டாம் என்று மேனேஜர் கத்தினார். போய்விட்டோம்.

ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்ததும் அக்கா கதவைத் திறந்தார். அறை நிறைய உட்கார்ந்தோம். போலீஸ் வந்தது. ஓர் அதிகாரி வந்தார். மிகவும் மரியாதையான மனிதர், ஷூவைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று பேசினார். இடிப்பது உங்களுக்காகத்தான், இதைவிடப் பெரிய கூடம் வரும், இந்த அம்மாவுக்கு அங்கேயே வேலை என்றார். எழுதிக் கொடுங்கள் என்று எஸ்தர் கேட்டாள். என் வார்த்தையில் நம்பிக்கை இல்லையா என்று அவர் வருத்தப்பட்டார். நாங்கள் அசையவில்லை. அவர் ஷூவை மாட்டிக்கொண்டு நகர்ந்தார். பெண் போலீசார் உள்ளே வந்தார்கள். முதலில் எஸ்தரின் முடியைப் பிடித்துத்தான் இழுத்தார்கள். அவளுக்கு இருமல் வந்துவிட்டது; மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் சரிந்தாள்.

அக்கா எழுந்தார். “என்ற புள்ளைக மேல கை வெக்காதீங்க சாமி. நானே வெளிய வர்றனுங்க.”

அவர் பின்னாலேயே நாங்களும் வந்தோம். மத்தியானத்துக்குள் ஓடு இறங்கிவிட்டது. தேக்கு பெஞ்சை நாலு பேர் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். அது இப்போது ஒரு பெரிய மனிதர் பங்களாவின் தாழ்வாரத்தில் கிடக்கிறது என்று கேள்வி. உட்காருபவர்களுக்குக் குளுமையாக இருக்கட்டும். மேனேஜர் சொன்னபடியே எங்களில் பாதிப்பேரைத் திரும்ப உள்ளே விடவில்லை. நான் முதலிபாளையத்தில் வேறு கம்பெனி பார்த்துக்கொண்டேன். எஸ்தரை இருமலைப் பார்த்துவிட்டு எங்கும் எடுக்கவில்லை. கடைசியில் வீட்டிலேயே ஒரு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்தாள். இன்றும் அதுதான் செய்கிறாள்.

திறப்பு விழாவுக்கு மேளம், பூ அலங்காரம், பெரியவர்கள் எல்லாம் வந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு அக்காவும் நானும் எஸ்தரும் உள்ளே போனோம். அக்கா மகள் கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டியிருந்தார். மகளிர் ஓய்வுக் கூடம் இருந்தது. பொய் சொல்லக்கூடாது, கல்வெட்டில் பெயரே செதுக்கியிருந்தார்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளினால் உள்ளே கேக் கடை. குளிர்ச்சி. வெண்ணெய் வாசனை. தொப்பி போட்ட பெண் ஒருத்தி அக்காவிடம் என்ன வேண்டும் மேடம் என்று கேட்டாள். தன் வாழ்நாளில் அந்த ஸ்டேஷன் எல்லைக்குள் எதுவும் வேண்டுமா என்று அக்காவை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“பெஞ்சு எங்கீங்க?” என்றார் அக்கா.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. பாவம், அவளுக்கு எப்படிப் புரியும்.

மாடியில் ஆபீஸ். அந்த மரியாதையான அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புது ஆள் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. கூடம் கூடமாகத்தான் இருக்கிறது, பராமரிப்புச் செலவுக்காக வாடகைக்கு விட்டிருக்கிறோம் என்றார். இந்த அம்மாவுக்கு வேலை என்று சொன்னதற்கு எங்கும் எழுத்தில்லை. சுத்தம் செய்யும் காண்டிராக்ட் வெளியூர்க் கம்பெனிக்குப் போய்விட்டது, அவர்கள் இந்த வயதுக்காரர்களை எடுப்பதில்லை என்றார். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. பதில் சொல்லும்போது ஒரு தடவைகூட எங்களை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை அக்கா பழைய சேலையைக் கட்டிக்கொண்டு, வாளி, துடைப்பம், பினாயில் புட்டியோடு போனார். கேக் கடை வாசலில் தண்ணீரை ஊற்றிக் கழுவ ஆரம்பித்தார். யாரையும் திட்டவில்லை, யாரோடும் பேசவில்லை. கண்ணாடிக் கதவைத் துடைத்தார். உள்ளே போய், மேஜை நாற்காலிகளுக்கு அடியில் கூட்டினார். காலைத் தூக்குங்க என்று சொல்ல வேண்டிய இடங்களில் மட்டும் சொன்னார். கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் காலைத் தூக்கினார்கள். சிலர் போனில் படம் எடுத்தார்கள். கடைக்காரர்கள் போலீசைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துப் போகும்போது, முக்கால்வாசி ஆகிவிட்டது, அந்த மூலை ஒன்று பாக்கி என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே போனாராம். பொது இடத்தில் இடையூறு செய்ததாக எழுதினார்கள். பொது இடம் என்ற வார்த்தையை எழுத அவர்களுக்குக் கை கூசவில்லை. நாங்கள் போய் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றோம். பொழுது சாய்வதற்குள் விட்டுவிட்டார்கள். வெளியே வந்த அக்கா, என் வாளி எங்கே என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் வரவே இல்லை. குன்னத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சில வருஷம் கழித்து நானும் எஸ்தரும் பார்க்கப் போனோம். டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சத்தத்தைக் குறைத்தார், அணைக்கவில்லை. மகளிடம் டீ போடச் சொன்னார். ஊர் விஷயம் எதையும் கேட்கவில்லை. கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டார்: “இப்ப அந்தப் புள்ளைக எல்லாம் எங்க எறங்குதுக?”

நான் சொன்னேன். இப்போது பிள்ளைகள் ரொம்பத் தூரத்திலிருந்து வருகிறார்கள், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று. பாசஞ்சர் எங்கள் ஸ்டேஷனில் நிற்பதை எடுத்துவிட்டார்கள், எக்ஸ்பிரஸ் ஒன்றிரண்டுதான் நிற்கிறது. ஏஜெண்டே பெரிய ஜங்ஷனில் இறக்கி, கம்பெனி பஸ்ஸில் ஏற்றி, நேராக ஹாஸ்டல் கேட்டுக்குள் கொண்டுபோய் விடுகிறான். பிளாட்பாரத்தில் தனியாக ஒரு பெண் பையோடு முழித்துக்கொண்டு நிற்கிற காட்சியே இப்போது கிடையாது.

“அப்பறம் ஆரு பாக்கறது?” என்றார் அக்கா.

அடுத்த வருஷம் அவர் போய்விட்டார். அடக்கம் முடிந்த பிறகுதான் எங்களுக்குச் செய்தி வந்தது.

அந்த பஸ்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டிருக்கும். பக்கவாட்டில் கம்பெனிப் பெயர் இருக்காது. டிரைவர் டீ குடிப்பதற்காகச் சில சமயம் ஹப்பின் பஸ் வரிசையில் ஓரங்கட்டுவார்கள். யாரையும் கீழே இறங்க விடமாட்டார்கள். போன வாரம் ஒரு பஸ் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். திரையை விலக்கிக்கொண்டு ஒரு முகம் எட்டிப் பார்த்தது. பதினாறு, பதினேழு இருக்கும். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “தீதி, யே கோன்சா ஷஹர் ஹை?” என்றாள். கம்பெனியில் பக்கத்து மிஷின் பிள்ளைகளோடு பேசிப் பேசி எனக்கு அந்த அளவு இந்தி வரும். அக்கா, இது எந்த ஊர் என்று கேட்கிறாள்.

நான் ஊர்ப் பெயரைச் சொல்ல வாயெடுப்பதற்குள், உள்ளேயிருந்து ஒரு கை வந்து திரையை இழுத்துவிட்டது.